பழைய மடிக்கணினியும் புதிய சேமிப்பகமும்

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதனை அடுத்து வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் மாணவர் இல்லங்களைச் சென்றடைந்தன. எளிய குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே. மூத்த மகன் அதில் பயின்று தேர்ந்தான். பின்னர்த் தங்கை அதில் தட்டச்சுப் பழகினாள். தந்தை அதில் நிலத்தின் பட்டாவைப் பார்த்தார். ஆண்டுகள் சென்றன. அத்தகைய கணினிகளுள் பல இன்று பரணிலோ, அலமாரியின் அடித்தட்டிலோ துணி சுற்றிக் கிடக்கின்றன. அவற்றின்மீது கூறப்படும் குற்றம் பெரும்பாலும் ஒன்றே. மிக மெதுவாக இயங்குகிறது என்பதே அது. பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று காப்பி கலந்து எடுத்து வந்தாலும், திரை இன்னும் விழித்திராது.

பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால், "இது தேறாது, அம்மா; புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிடுவோரும் உளர். அஃது எல்லா நேரத்திலும் சரியான விடையன்று. கணினி முழுவதும் முதுமையுற்றதென்று எண்ணுவது பிழை. அதனுள் இருக்கும் உறுப்புகளுள் ஒன்றே பெரும்பாலும் மற்றவற்றைக் காக்க வைக்கிறது. அவ்வுறுப்பு கையடக்கமானது, கழற்றி மாற்றத் தக்கது, அதன் விலையும் புதுக் கணினியின் விலையில் சிறு பங்கே. மக்கள் 'ஹார்டு டிஸ்க்' என்று வழங்கும் வன்தட்டே அது.

ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தை நினைத்துப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். அங்கே விரைந்து எழுதும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவர் முன்னே ஒரு மேசை. அலுவலகத்தின் பின்கட்டில், கட்டுக் கட்டாகக் கோப்புகள் அடுக்கிய பதிவறை. எழுத்தருக்கு வேண்டிய கோப்பை ஏவலர் சென்று தேடி எடுத்து வந்து மேசைமேல் வைக்க வேண்டும். கணினியின் செயலியே அவ்வெழுத்தர். மேசையே 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவகம். மாலையில் மேசை துடைக்கப்படுவதுபோல், மின்சாரம் நின்றவுடன் அதிலுள்ளவை யாவும் மறைந்துவிடும். பதிவறையே வன்தட்டு, அங்கே வைத்தவை நிலைத்திருக்கும். எழுத்தர் எத்துணை விரைவாக எழுதினும், ஏவலர் கோப்புடன் வரும்வரை அவர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? மேசையும் சிறிதாயின் துன்பம் இரட்டிக்கும். ஒரு கோப்பை விரிக்க மற்றொன்றைப் பதிவறைக்குத் திருப்பி அனுப்ப நேரும். ஏவலர் ஓயாது நடந்துகொண்டேயிருப்பார்.

வன்தட்டு உண்மையில் ஒரு பொறி. கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ செய்து, காந்தப்பூச்சுப் பூசிய வட்டத்தட்டு அதனுள் சுழன்றுகொண்டேயிருக்கும். இசைத்தட்டின்மேல் ஊசிக்கை நகர்வதுபோல, ஒரு சிறு கை அத்தட்டின்மேல் உள்ளும் புறமும் நகரும். ஊசியோ தட்டைத் தொட்டுச் செல்லும். இக்கையின் நுனியிலுள்ள தலையோ தட்டைத் தொடாது, காற்றுப் படலத்தின்மீது மிதந்து செல்லும். அவ்விடைவெளி சில நானோமீட்டர் அளவே. மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை எண்ணினால் அதன் நுட்பம் புலனாகும். ஓடும் கணினியை மேசையிலிருந்து தவற விட்டால் தட்டு கெடுவதற்குக் காரணமும் இதுவே.

இப்பொறிக்கு முன்னோடி 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ராமாக்' என்னும் கணினியின் சேமிப்புப் பெட்டியாகும். கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ரெய்னால்டு ஜான்சன் என்பவர் தலைமையில் அதனை உருவாக்கினர். ஜான்சன் முன்னர்ப் பள்ளியாசிரியராக இருந்தவர். தேர்வு விடைத்தாள்களைத் தானே மதிப்பிடும் பொறியொன்றைக் கண்டதனாலேயே அந்நிறுவனத்திற்கு அழைக்கப்பட்டவர். 2 அடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்ற அப்பெட்டி ஏறத்தாழ ஒரு டன் எடை உடையது. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். இன்று ஒரே கைப்பேசிப் படத்திற்கு அவ்வளவு இடம் வேண்டும். அதன் பின்னர்த் தட்டுகள் சுருங்கின. கொள்ளளவு கோடி கோடியாகப் பெருகியது. ஆயினும், தட்டு சுழல வேண்டும், கை நகர வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை. வேகத்தில் வன்தட்டு பின்தங்கியதற்கு இவ்விதியே காரணம்.

மடிக்கணினிகளில் பெருவழக்காக இருந்த வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அஃதாவது, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய செய்தி தலைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5½ மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை உரிய இடத்திற்கு நகர 12 மில்லிநொடி அளவு ஆகும். இரண்டும் கூடி 17½ மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தினும் இது குறைவே. ஆனால் நொடிக்கு 200 கோடி துடிப்பு உடைய ஒரு செயலிக்கு அந்நேரம் 3½ கோடித் துடிப்புகளாகும். ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிக் கணக்கிட்டால், கோப்பு கேட்ட எழுத்தர் 405 நாள் காத்திருக்கிறார் என்று பொருள்! கணினி விழித்தெழும்போது பல்லாயிரம் சிறு கோப்புகளைத் தட்டின் பல மூலைகளிலிருந்து படிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் 10,000 துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடினால் ஏறத்தாழ 3 நிமிடம் சென்றுவிடும். கணினி இவற்றை ஓரளவு வரிசைப்படுத்திப் படிக்கும் ஆதலின் நடைமுறையில் கணக்கு இவ்வளவு நேராக இராது. எனினும் காப்பி ஆறும்வரை காத்திருக்க நேர்வது ஏன் என்பது இதனால் விளங்கும்.

சுழலும் தட்டும் நகரும் கையும் இல்லாத சேமிப்பகம் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்திற்கு வழி திறந்தவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய அவர், மின்சாரம் நின்ற பின்னும் செய்தியை மறவாத ஒருவகை மின்னணு நினைவகத்தை 1984-ஆம் ஆண்டில் அறிஞர் அவையொன்றில் வெளியிட்டார். அதிலுள்ள செய்திகள் யாவும் ஒரே வீச்சில் அழிக்கப்படுவது, நிழற்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஒருவர் அதற்கு 'ஃபிளாஷ்' எனப் பெயரிட்டார். 1987-இல் அதன் செறிவான வகையாகிய 'நாண்ட்' வெளிவந்தது. பேனா போன்ற சேமிப்புக் குச்சி முதல் கைப்பேசி வரை இன்று உலகம் சுமந்து திரிவது அவ்வகையையே. அவர் தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு வேண்டி 2004-இல் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2006-இல் 8 கோடியே 70 இலட்சம் யென் பெற்று உடன்பாடு கண்டார். அந்நினைவகத்தால் உலகம் அடைந்த பயனை நோக்க, அத்தொகை பெரிதென்று சொல்வதற்கில்லை.

இந்நினைவகத்தின் அடிப்படை எளிது. கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான சிற்றறைகள் ஒரு சில்லில் அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையிலும், மின்சாரம் கசியாத சுவர்களுக்கு நடுவே, எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைக்கலாம். உள்ளே எலக்ட்ரான் உண்டா, இல்லையா, எவ்வளவு உண்டு என்பதை அளந்தே செய்தி படிக்கப்படுகிறது. எந்த அறையாயினும் அதனை அணுக ஒரே அளவு நேரந்தான். தேடிச் செல்லும் கை வேண்டா. இச்சில்லுகள் சிலவற்றையும் அவற்றை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றையும் பலகையொன்றில் பொருத்தி, வன்தட்டின் வடிவிலேயே உறையிட்டதே 'எஸ்.எஸ்.டி.' என வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகம். 1991-இல் அமெரிக்காவின் சன்டிஸ்க் நிறுவனம் இவ்வகையில் 20 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒன்றை ஐ.பி.எம். மடிக்கணினிக்காகச் செய்து தந்தபோது, அதன் விலை ஏறத்தாழ 1,000 டாலர். இன்று அதைப் போல் 12,000 மடங்கு கொள்ளும் சேமிப்பகத்தை நடுத்தரக் குடும்பத்தினர் எளிதில் வாங்கிவிடுகின்றனர்.

வன்தட்டு 17½ மில்லிநொடியில் தேடித் தந்ததை எஸ்.எஸ்.டி. பத்தில் ஒரு மில்லிநொடி அளவில் தந்துவிடும். முன்னர்ச் சொன்ன எழுத்தர் இப்போது 405 நாளுக்கு மாறாக 2¼ நாளே காத்திருப்பார். கணினி அரை நிமிடத்தில் விழிப்பதும், சொடுக்கியவுடன் கோப்பு திறப்பதும் இதனாலேயே. பழைய கணினியின் இணைப்புவாய் மெதுவானது, ஆதலின் புதுச் சேமிப்பகத்தால் பயனில்லை என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. 'சேட்டா' எனப்படும் இணைப்பின் இரண்டாம் தலைமுறை நொடிக்கு 300 மெகாபைட்டும், மூன்றாம் தலைமுறை 600 மெகாபைட்டும் கடத்த வல்லவை. பழைய வாயில் பொருத்தினால் பெருங்கோப்புகளைப் படியெடுக்கும் வேகம் பாதியாகக் குறையும் என்பது மெய்யே. ஆனால் அன்றாட வேலையில் துன்புறுத்துவது, பெருங்கோப்பைக் கடத்தும் நேரத்தினும் சிறு கோப்புகளைத் தேடும் நேரமே. அத்தேடல் நேரம் எந்த வாயிலாயினும் குறைந்துவிடும்.

புதியதற்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு சிற்றறையையும் அழித்து எழுதுந்தோறும் அதன் சுவர் சிறிது தேயும். ஓரிடமே மீண்டும் மீண்டும் தேயாதவாறு, எழுத்துகளை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கும் வேலையைக் கட்டுப்பாட்டுச் சில்லு செய்கிறது. 240 ஜிகாபைட் கொண்ட எளிய வகையொன்றில் 80 டெராபைட் வரை எழுதலாம் என்று செய்தவர்கள் உறுதி கூறுவதுண்டு. நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதினும் அவ்வெல்லையை அடைய ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். வீட்டுப் பயனில் அவ்வளவு எழுத நேர்வது அரிது. ஆகவே தேய்மானம் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று. வன்தட்டு சாகுமுன் பல நேரங்களில் 'டக், டக்' என ஒலித்து அறிவிக்கும். எஸ்.எஸ்.டி. ஓசையின்றி ஒருநாள் நின்றுவிடலாம்; அதிலிருந்து செய்திகளை மீட்பதும் கடினம். மேலும், ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசிந்து, செய்தி சிதையவும் கூடும்.

மாற்றுவதென முடிவு செய்தபின், கணினிக்கு எது பொருந்தும் என்று முதலில் அறிதல் வேண்டும். 2011-ஐ ஒட்டி வந்த மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் 2½ அங்குல வன்தட்டு, சேட்டா இணைப்புடன் இருக்கும். அதனினும் மிகப் பழையனவற்றில் ஊசி வரிசையுள்ள வேறு இணைப்பு இருத்தல் கூடும். விலை குறைந்த சில சிறு கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை மாற்றுதல் இயலாது. தடிப்பையும் நோக்க வேண்டும். பழைய தட்டு பெரும்பாலும் 9½ மில்லிமீட்டர். புதியது 7 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்ப நெகிழிச் சட்டம் ஒன்றை உடன் வைத்திருப்பர். அதனை ஒட்டினால் ஆடாது நிற்கும். கொள்ளளவைப் பொறுத்தவரை, உறையில் 500 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்க, கணினி 465 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரோடு பூசலிட வேண்டா. செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 என்னும் அடுக்கில் எண்ணுகிறது. இரண்டும் ஒரே அளவே. ஆனால், சந்தையில் நம்ப இயலாத குறைந்த விலைக்கு மிகப் பெரிய கொள்ளளவு சொல்லப்படின், அது போலியாக இருத்தல் கூடும்.

இனிக் கூறப்போவதே இப்பணியின் உயிர்நிலை. திருப்புளியைக் கையில் எடுக்குமுன், பழைய தட்டில் உள்ளவற்றைப் படியெடுத்து வேறோரிடத்தில் வைத்துவிட வேண்டும். கணினி போனால் மற்றொன்று வாங்கலாம். பாட்டி இருந்த நாளில் எடுத்த ஒரே நிழற்படமும், மகளின் கல்லூரி ஆய்வேடும், தந்தை பார்த்துப் பார்த்துச் சேர்த்த நில ஆவணப் படிகளும் கடையில் கிடைப்பனவல்ல. ஒரு வீட்டில், "எல்லாம் படியெடுத்தாயிற்றா?" என்று அண்ணன் கேட்க, "ஆயிற்று, அண்ணா" என்று தங்கை கூறுவாள். அவள் பொய் கூறவில்லை. முகப்புத் திரையில் கண்டவற்றையும் ஆவணக் கோப்புறையில் இருந்தவற்றையும் எடுத்திருப்பாள். 'டி' என்னும் இரண்டாம் பகுப்பில் யாரோ என்றோ வைத்த திருமணப் படங்களை அவள் அறியாள். ஆதலின், பகுப்புகள் அனைத்தையும், பதிவிறக்கக் கோப்புறையையும், வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள கோப்புறையையும் திறந்து பார்த்தல் வேண்டும். இணைய உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் பழைய தட்டோடு போய்விடும் என்பதை மறத்தலாகாது. படியெடுத்த பின்னர், அவற்றுள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து, அவை உண்மையாகவே திறக்கின்றனவா என்று காண வேண்டும். திறந்து பாராத படி, படியெனக் கருதத்தக்கதன்று.

தமிழில் எழுதுவோர் கருத வேண்டியது மேலும் ஒன்று உண்டு. 'யூனிகோடு' முறை பரவுமுன் தமிழ் ஆவணங்கள் பல 'பாமினி', 'வானவில் அவ்வையார்' முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையைத் தன் தரமாக அறிவித்தது 2010-ஆம் ஆண்டிலேதான்; அதன் பின்னும் பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் வழங்கின. அத்தகைய ஆவணத்தை மட்டும் படியெடுத்து, எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கணினியில் தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றும். கோப்பு அழியவில்லை, படிக்கும் திறவுகோல் தொலைந்தது. ஆகவே விண்டோஸ் கோப்புறையினுள் உள்ள எழுத்துருக்களையும் உடன் எடுத்து வைத்தல் நன்று. இச்சிறு செயலை மறந்ததனால், அரிதின் எழுதிய கதைகளையும் கணக்குகளையும் படிக்க இயலாது திகைப்போர் இன்றும் உளர்.

பழைய தட்டு ஏற்கெனவே ஒலியெழுப்பத் தொடங்கியிருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது தட்டைச் சீர்செய்யும் நிரல்களை ஓட்டி அதனை மேலும் அலைக்கழிக்கலாகாது. மிகவும் அருமையான கோப்புகளை முதலிலும், எளிதிற் கிடைப்பனவற்றை இறுதியிலும் எடுக்க வேண்டும். திரைப்படங்கள் காத்திருக்கலாம், பாட்டியின் படம் காத்திராது.

புதுச் சேமிப்பகத்தில் இயங்குதளத்தை அமைக்க இரு வழிகள் உள. பழைய தட்டில் இருந்ததை அப்படியே புதியதற்கு மாற்றுவது ஒன்று. இதனைக் 'குளோன்' செய்தல் என்பர். யு.எஸ்.பி. வடம் ஒன்றின் வழியே புதியதை வெளியில் இணைத்து, தைவான் நாட்டில் உருவான 'குளோன்சில்லா' போன்ற இலவச நிரலால் இதனைச் செய்யலாம். புதியது பழையதினும் சிறிதாயின் முன்னரே பகுப்புகளைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். குடியிருந்த வீட்டை அப்படியே பெயர்த்து வைப்பது போன்றது இம்முறை. தட்டுமுட்டுகளும் குப்பையும் நச்சுநிரலும் இருந்தால் அவையும் உடன் வரும். புதிதாக நிறுவுவது மற்றொரு வழி. நேரம் மிகுதியாகும், நிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயினும், பத்தாண்டு அழுக்கேறிய கணினிக்கு இதுவே சிறந்தது.

கழற்றி மாட்டும் வேலை சொல்வதற்கு அச்சந்தருவது, செய்வதற்கு எளிது. மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றி, பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் ஆதலின், உலோகப் பொருளொன்றைத் தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றும்போது, எந்தத் துளைக்கு எது என்பது தோன்றும்படி ஒரு தாளில் வரிசையாக வைத்தால் பின்னர் இடர்ப்பட நேராது. தட்டு ஓர் உலோகச் சட்டத்தில் பிணைந்திருக்கும். அதனை மேலே தூக்கலாகாது. இணைப்புவாயினின்று பக்கவாட்டில் நேராக இழுக்க வேண்டும். சட்டத்தைப் புதியதற்கு மாற்றி, வந்த வழியே உள்ளே தள்ளினால் பொருந்தும். வாயின் அமைப்பு ஒரு பக்கமாகவே நுழையும்படி செய்யப்பட்டுள்ளது. எதிர்ப்பு தோன்றினால் வலிந்து அழுத்தாமல் திருப்பிப் பார்க்க வேண்டும். கணினியின் தொடக்க அமைப்பில் 'ஏ.எச்.சி.ஐ.' என்னும் முறையைத் தேர்வதாயின், இயங்குதளத்தை நிறுவுமுன் தேர வேண்டும். பின்னர் மாற்றினால் விண்டோஸ் எழாது போகலாம். வன்தட்டுக்குச் செய்து பழகிய 'டிஃபிராக்' என்னும் ஒழுங்குபடுத்தும் பணி இதற்கு வேண்டா. எல்லா அறைகளும் ஒரே தொலைவில் இருக்க, எதனை எங்கே நகர்த்துவது?

இம்மாற்றத்தால் தீராத குறைகளும் உள. மங்கிய திரை ஒளிபெறாது. ஓய்ந்த மின்கலம் உயிர்பெறாது. நினைவகம் 2 ஜிகாபைட்டே இருந்தால், இன்றைய இணையப் பக்கங்கள் பலவற்றை ஒருங்கே திறக்கும்போது திணறும். இயன்றால் அதனையும் உடன் கூட்டுதல் வேண்டும். விண்டோஸ் 7-க்கு வழங்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் 2020-ஆம் ஆண்டு சனவரியிலும், விண்டோஸ் 10-க்கு உரிய பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபரிலும் முடிந்தன. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, 2011-ஐ ஒட்டி வந்த செயலிகளை ஏற்பதில்லை. எனவே, இணையத்தில் பணம் கொடுக்கல் வாங்கல் செய்வோர், பழைய கணினிகளிலும் இலகுவாக இயங்கும் லினக்ஸ் வகையொன்றை நிறுவிக்கொள்வதே தக்கது. தமிழில் தட்டச்சு செய்யவும், பாடங்களைக் காணவும், கடிதம் எழுதவும் அது போதும்.

எஞ்சுவது பழைய தட்டு. அது நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, படிகளை வைக்கும் பெட்டியாகப் பயன்படுத்தலாம். மின்சாரமின்றி நெடுநாள் கிடப்பதில் அது புதியதினும் உறுதியானது. விற்பதாயினும் பிறருக்குக் கொடுப்பதாயினும் முன்னதாக ஒன்று செய்ய வேண்டும். கோப்புகளை நீக்குவதால் அவை அழிவதில்லை. பெயர்ப்பட்டியலிலிருந்து பெயர்தான் அடிக்கப்படுகிறது. ஆதார் அட்டையின் படியும் வங்கிக் கணக்கேட்டின் படியும் தட்டின்மேல் அப்படியே இருக்கும்; எளிய மீட்பு நிரலால் எவரும் எடுத்துவிடலாம். தட்டு முழுவதும் சுழியங்களை எழுதி நிரப்பினால்தான் அவை மறையும். 320 ஜிகாபைட் தட்டொன்றுக்கு அவ்வேலை ஒன்றரை மணி நேர அளவில் முடியும். இரவு உணவுக்குப் பின் தொடங்கினால், உறங்கச் செல்லுமுன் தட்டு வெறுமையாகியிருக்கும்.